இன்று என் முறை

ஐந்து மணிச் சங்கு ஊதியதும்
சட்டையில் ஒட்டிய நூல்பிசிறைக்கூடத் தட்டாமல்
கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன்.
நைரோபி வேன்காரன் கதவை அறைந்து
"முப்பது ஷில்லிங், முப்பது" என்கிறான்.
நான் எதிர்ப்பக்கம்.

ஆறு பேர் சேர்ந்து வாங்கிய அரைக்கால் ஏக்கர்
அங்கேயேதான் இருக்கிறதா என்று
மாலைக்கு ஒருத்தி போய்ப் பார்க்க வேண்டும்.
நிலம் எங்கே போய்விடும் என்று சிரிப்பவர்கள்
அதி ரிவரில் நிலம் வாங்காதவர்கள்.

இரும்பு உருக்கும் ஆலையின் மதிலை ஒட்டி நடப்பேன்,
ஜூலைக் குளிருக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கும்.
அப்புறம் இறைச்சிக் கூடம்.
விளக்குக் கம்பங்களின் உச்சியில் மொட்டைத்தலை நாரைகள்,
வட்டிக்காரர்கள் மாதிரி தோளைக் குறுக்கி,
அவசரமே இல்லாமல்.

சிமெண்ட் ஆலை ஓரம்
வேலிச்செடியின் இலை என்ன நிறம் என்பது
மழை பெய்தால்தான் தெரியும்.
மூன்று நாளாக வரிசையில் நிற்கும் லாரிக்காரன்
சக்கரத்தின் மறைவில் உகாலி கிளறியபடி
என் செருப்பைப் பார்த்தான்.
"இதற்கு மேல் என்ன இருக்கிறது, சகோதரி?"
"என் வீடு" என்றேன்.
கூரை உண்டா, கதவு உண்டா என்று
அவன் கேட்கவில்லை.

ரயில் பாலத்தடியில் லெமாயனின் மாடுகள்.
தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது,
ஒன்றுகூட நிமிரவில்லை.
இந்தப் பக்கமெல்லாம் அவன் பெரியப்பா விற்றது.
விற்ற நிலத்தில், புல் இருக்கும்வரை, மேய்க்கிறான்.
யாரும் கட்டிவிடக் கூடாதே என்று அவனும்
எப்போது கட்டுவோம் என்று நானும்
மிகுந்த மரியாதையோடு
நலம் விசாரித்துக்கொள்கிறோம்.

இனி கரிசல். வெடிப்பு வெடிப்பாக.
பலகைகள்: மனை விற்பனைக்கு.
மனை விற்பனைக்கு.
இந்த மனை விற்பனைக்கு அல்ல, ஏமாறாதீர்.

முள்மரத்தடிக் கல்லில்
சிவப்புத் தலை ஓணான் ஒன்று
மிச்ச வெயிலைக் காய்ந்துகொண்டிருந்தது.
கறையான் புற்றருகே இரண்டாவது.
மூன்றாவதைப் புல்லுக்குள் காலால் துழாவ வேண்டும்.
நான்காவது சாய்ந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது.

நடுவில் ஐந்தாவது.

அடுப்படி என்று நாங்கள்
குச்சியால் கோடு கிழித்து வைத்த இடத்தில்.
புதுக் கல். தலையில் சிவப்புப் பெயிண்ட்.
பக்கத்தில் ஓர் எண்,
சாலைத்துறைக்காரன் எழுதியது,
அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று எவனோ எழுதியது.

தொட்டேன். காய்ந்து நாளாகிவிட்டது.
பெயிண்டின் மேல் துணியின் அச்சு.
ஈரமாக இருந்தபோது அதன்மேல்
யாரோ உட்கார்ந்திருக்கிறாள்.
பதினோரு வருடத் தையல்காரிக்கு
நெசவைப் படிக்கத் தெரியாதா?
சாய்கோட்டு நெசவு. எங்கள் லைன் சீருடை.

செவ்வாய் இரவு மும்புவா
பாவாடையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள்.
மிஷின் எண்ணெய் என்றாள்.

போனில் குழுவைத் திறந்து மேலே தள்ளினேன்.
செவ்வாய், மும்புவா: நான்கும் இருக்கின்றன.
புதன், ந்தென்யா: நான்கும் இருக்கின்றன.
நேற்று, வாயுவா: நான்கும் இருக்கு, கடவுளுக்கு நன்றி.

சூரியன் குவாரிப் பள்ளத்துக்குள் போய்விட்டது.
ஆலை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன,
யாரையோ பிடித்துவிட்டது போல.
நான் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து
செருப்பிலிருந்த சிமெண்டைக் கொட்டினேன்.
உயரம் சரியாகத்தான் இருக்கிறது,
அடுப்படி முக்காலி அளவுக்கு.

நாளை கவேனியின் முறை.
எல்லாரிலும் சின்னவள்.
கல்யாணத்துக்கு வைத்திருந்ததை அப்படியே போட்டவள்.

நான்கும் இருக்கின்றன என்று அடித்தேன்.
அனுப்பும் முன், முதல் கல்லில் ஓர் ஓணான்
என்றும் சேர்த்தேன்.
இரண்டும் உண்மை.

வரிசையாக ஐந்து கட்டைவிரல்கள் வந்தன.
மும்புவாவுடையது கடைசியில்,
கொஞ்சம் தாமதித்து.